குச்சியில் ஒரு கோடு

பிரிக்பீல்ட்ஸ்
17 அக்டோபர் 1926, ஞாயிறு இரவு

அன்புள்ள மாரியாயிக்கு,

உன் இராஜம்மா எழுதுவது. இங்கே உடம்புக்கு ஒரு குறையும் இல்லை. பயம்தான் இருக்கிறது, அதைக் கீழே சொல்கிறேன். நீயும் உன் அம்மாவும் தம்பிகள் இருவரும் எப்படி இருக்கிறீர்கள்?

உன் கடிதம் வியாழக்கிழமை கிடைத்தது. வண்டிக்காரத் தம்புசாமி அண்ணன் ரப்பர் ஷீட்டுகளை ஸ்டேஷனில் இறக்கிவிட்டு, பள்ளிக்கூட வாசலில் மாட்டை நிறுத்தி, "இந்தாம்மா, ஒங்க கோர்ட்டு காயிதம்" என்று கேலியாக நீட்டினார். உள்ளே நீ வைத்திருந்த மூன்று ரப்பர் விதைகளைப் பார்த்ததும் கண் கலங்கிவிட்டது. ஒன்றைச் சிமெண்டுத் தரையில் சூடேறத் தேய்த்து, நீ வைப்பதுபோல் என் கையில் நானே வைத்துக்கொண்டேன். சுட்டது. கூடச் சிரிக்க ஆளில்லை.

சமையலறைத் தரையில் சிமினி விளக்கை வைத்துக்கொண்டு எழுதுகிறேன். என்னைத் தன் வீட்டில் வைத்துப் படிக்கவைக்கும் சபாபதி மாமா இருமும்போதெல்லாம் திரியைக் குறைப்பேன். எழுத்து கோணிய இடமெல்லாம் அவர் இருமல் என்று நினைத்துக்கொள். அப்பாவுக்கு நான் எழுதுவதை மாமா வாசித்த பிறகுதான் தபாலில் போடுவார். இதை வாசித்தால் நாளைக்கே என்னைத் தோட்டத்துக்கு அனுப்பிவிடுவார்.

விஷயம் நம் அம்மனைப் பற்றியது.

நமக்கு எட்டு வயது. என் அம்மா இறந்த வருஷம். உங்கள் லயத்து வரிசை வீடுகளுக்கு மேலே, காட்டை அழித்து ரப்பர் பால்மரம் நட்ட சரிவில், சாப்பாட்டுத் தட்டு அகலத்துக்கு ஒரு கல் தெரிந்தது. நீ உன் அம்மாவின் அம்மியிலிருந்து மஞ்சளை வழித்து வந்தாய். நான் அம்மாவின் சிவப்புச் சேலையில் ஒரு துண்டு கிழித்து வந்து அதன்மேல் விரித்தேன். விளையாட்டாகத்தான் தொடங்கினோம். ஆனால் நான் கும்பிட்டது விளையாட்டுக்கு இல்லை. சனிக்கிழமையாவது அப்பா கள்ளுக்கடைக்குப் போகாமல் நேரே வீட்டுக்கு வரவேண்டும் என்று கேட்டேன். மறுநாள் புல் வெட்டப் போன பெண்கள் மஞ்சளையும் துணியையும் பார்த்து, "ஆத்தா எழுந்துட்டாடி!" என்று குலவையிட்டார்கள். அப்பா பூசாரியானார். குடியை விட்டார். நாம் கைமேல் கைவைத்து, சாகும்வரை சொல்வதில்லை என்று சத்தியம் செய்தோம்.

அதன்பிறகு கல் வளர்ந்தது. அதுதான் என்னையே நம்பவைத்தது. நான் இங்கே வரும்போது நம் இடுப்பு உயரம்.

போன செவ்வாய் பெருமழை. பள்ளிக்கூடக் கூரைத் தண்ணீர் நேராக முற்றத்து மண்ணில் விழும். மழை விட்டதும் பார்த்தேன். முதல் நாள் மண்ணோடு மண்ணாகக் கிடந்த கூழாங்கற்கள் எல்லாம் விரல் உயரம் எழுந்து நின்றன. குனிந்து பார்த்தேன். ஒவ்வொரு கல்லுக்கும் கீழே ஒரு சின்ன மண் தூண். கல் மூடியிருந்த மண் மட்டும் தப்பித்திருக்கிறது; சுற்றியிருந்தது எல்லாம் ஓடிவிட்டது. பக்கத்திலேயே புல் இருந்த இடத்தில் ஒரு கல்கூட எழவில்லை.

மாரியாயி, என் அப்பா புல்லுக் கங்காணி. அந்தச் சரிவில் ஒரு புல் பூண்டு விடாமல் சுரண்டவைப்பதுதான் அவருடைய பெருமை. "வூட்டு வாசல் மாதிரி வச்சிருக்கேன் பாருங்க தொரை" என்று சொல்லும்போது அவர் முகம் எப்படி இருக்கும்! நம் அம்மன் வளரவில்லை, மண்தான் இறங்குகிறது என்றால், அவ்வளவு பெரிய கல் எதைப் பிடித்துக்கொண்டு நிற்கிறது? அதற்கு நேர் கீழே உன் வீடு.

ஒரு மூங்கில் குச்சியைக் கல்லிலிருந்து நாலு எட்டு தள்ளி அடித்து, மண்மட்டத்தில் கத்தியால் ஒரு கோடு போடு. மழை பெய்யட்டும். கோடு அப்படியே இருந்தால் அம்மனிடம் மன்னிப்புக் கேட்டு நூறு தோப்புக்கரணம் போடுகிறேன். மேலே வந்தால் உடனே எழுது.

உன் பிரிய,
இராஜம்மா


அம்பாங் மலையடித் தோட்டம்
21 நவம்பர் 1926

பாசமுள்ள ராசம்மாவுக்கு,

மாரியாயி எழுதுவது. அம்மா உன்னைக் கேட்டாள். தம்பிகள், "ராசம்மா அக்கா பிஸ்கோத்து அனுப்பாதா?" என்று கேட்கிறார்கள். படிக்கப் போன இடத்தில் நீ கூழாங்கல்லை எண்ணிக்கொண்டிருக்கிறாய் என்று நான் சொல்லவில்லை.

முதலில் உன்மேல் கோபம்தான் வந்தது. சாமியைச் சோதிக்கச் சொல்கிறாயே என்று இரண்டு நாள் குச்சியை வீட்டுக்குள்ளேயே வைத்திருந்தேன். பிறகு காலையில் பேர் கூப்பிடும் பெரட்டு முடிந்து வேலைக்குப் போகும் வழியில் அடித்தேன். கோடும் போட்டேன். ஐந்து மழை ஆயிற்று. கோடு மூன்று விரல் மேலே நிற்கிறது.

சிரிக்காதே. நேற்றுப் பார்த்தால் உன் குச்சிக்கும் யாரோ குங்குமம் வைத்திருக்கிறார்கள். "ஆத்தா பக்கத்துல இன்னொண்ணும் எழும்புதுடி" என்று பேச்சு.

அதன்பிறகு எனக்குக் கண் திறந்துகொண்டது. சரிவில் இருக்கும் பால்மரங்களுக்கெல்லாம் வேர் வெளியே கிடக்கிறது. மண்வெட்டியால் சுரண்டிச் சுரண்டி நாங்கள்தான் ஒதுக்குகிறோம். மழை வாரிக்கொண்டு போகிறது. நாம் கழுத்தளவு நின்று குளித்த ஓடைப் பள்ளம் ஞாபகம் இருக்கிறதா? அடியில் விழுந்த ஐந்து காசைக்கூட மேலே நின்று பார்த்தோமே. இப்போது அங்கே மணல்தான். சின்னத் தம்பி முழங்கால் நனையாமல் தாண்டுகிறான். வெள்ளிக்கிழமை தோறும் ஆத்தாவுக்கு இருபத்தொரு குடம் தண்ணீர் ஊற்றுகிறோம். அதில் மூன்று குடம் நான் ஊற்றுவது. அந்தத் தண்ணீரும் கல்லின் காலடி மண்ணைத்தான் கரைத்திருக்கிறது. கல்லுக்கு மேல்பக்கம் மண் விரிசல் விட்டுக் கிடக்கிறது. கையை விட்டேன், முழங்கைவரை போனது.

உன் மாமா போன ஞாயிறு வந்தார். கல்லுக்கு முன்னால் மண்ணை வெட்டிச் சமப்படுத்தித் தகரக் கொட்டகை போடப் போகிறாராம். மார்கழி முதல் தேதி வெட்டு.

ஆனாலும் நாம்தான் மஞ்சள் பூசினோம் என்று யாரிடமும் சொல்லாதே ராசம்மா. சத்தியத்துக்காக இல்லை. உன் அப்பாவுக்காக. சனிக்கிழமை எல்லா ஆம்பிளையும் கள்ளுக்கடைக்குப் போகும்போது அவர் மட்டும் குளித்து, திருநீறு பூசி, மலையேறுகிறார். என்னிடம், "ஏம்மா மாரி, எம் மவளுக்கு எழுது. ஆத்தா இந்த வருசம் நல்லா வளந்திருக்கான்னு எழுது" என்றார். அதை நீ பிடுங்கிக்கொண்டால் அவர் சனிக்கிழமை எங்கே போவார்?

எங்களுக்கு வருவது வரட்டும் என்று எழுத நினைத்தேன். தம்பிகள் பக்கத்தில் தூங்குகிறார்கள். எழுத முடியவில்லை.

மாரியாயி


பிரிக்பீல்ட்ஸ்
8 டிசம்பர் 1926, இரவு

மாரியாயி,

உன் கடிதம் வந்து பத்து நாளாக நான் சரியாகச் சாப்பிடவில்லை. லெட்சுமி அத்தை வேப்பெண்ணெய் கொடுத்தாள். தகரமெல்லாம் வந்து வாசலில் அடுக்கியிருக்கிறது. மழை அதன்மேல் விழும் சத்தத்தில் என் பேனா கீறும் சத்தம் கேட்காது என்பது ஒன்றுதான் நல்லது. இன்று மாமா என் விரலில் மை பார்த்துவிட்டு, "ராத்திரியில என்ன எழுத்து?" என்றார். கணக்கு என்றேன். சாமி பேரில் ஒரு பொய், மாமாவிடம் ஒரு பொய். இதில் எதற்குத் தண்டனை முதலில் வரும் என்று தெரியவில்லை.

பத்து நாளும் இரண்டையும் மாற்றி மாற்றி நினைத்தேன். அப்பா மறுபடி குடித்தால் நான் அழுவேன். உன் வீட்டின்மேல் கல் விழுந்தால் எனக்கு அழக்கூட உரிமை இருக்காது. கீழே உள்ளது அப்பாவுக்கு. அவருக்கு வாசிக்கத் தெரியாது. நீதான் வாசிக்க வேண்டும். யாரும் இல்லாத இடத்தில் வாசி. என்மேல் அவர் கோபப்பட்டால் அதையும் மறைக்காமல் எழுது.

*அப்பாவுக்கு இராஜம்மா கும்பிட்டு எழுதுவது. அந்தக் கல்லில் மஞ்சள் பூசியது நானும் மாரியாயியும்தான். துணி அம்மாவின் சேலை. நீங்கள் குடிக்கக் கூடாது என்று வேண்டிக்கொண்டு வைத்தேன். கல் வளரவில்லை அப்பா. சுற்றியிருக்கும் மண் மழையில் போகிறது. புல் இல்லாததால் போகிறது. மாரியாயி அடித்த குச்சியைப் பாருங்கள், அதன் கோட்டையும் பாருங்கள். மாமா முன்னால் வெட்டினால் கல் உருண்டுவிடும். கீழே இருப்பவர்களை வேறிடம் போகச் சொல்லுங்கள். என்னை அடிக்க வேண்டுமானால் வந்து அடியுங்கள். ஆனால் சனிக்கிழமை வீட்டுக்கே போங்கள்.*

இராஜம்மா


தோட்டம்
19 டிசம்பர் 1926

ராசம்மாவுக்கு,

வாசித்தேன். குச்சிக்குப் பக்கத்தில் அவரை உட்காரவைத்து வாசித்தேன்.

அவர் குச்சியின் கோட்டைக் கட்டைவிரலால் தடவினார். பிறகு வீட்டுக்குப் போய்த் தகரப்பெட்டியிலிருந்து அந்தச் சிவப்புத் துணியை எடுத்துவந்து காட்டினார். மஞ்சள் கறை இன்னும் இருக்கிறது.

"எம் பொண்டாட்டி சேலை எனக்குத் தெரியாதா மாரி? அன்னிக்கே தெரியும், எம் மவதான் வச்சிருக்கான்னு. எதுக்கு வச்சிருப்பான்னும் தெரியும். அதுனாலதான் குடிய விட்டேன். ஆனா கல்லு வளந்துச்சே, அத எந்தப் புள்ள செஞ்சிருக்கும்? அது ஆத்தாதான்னு நெனச்சேன்." கொஞ்ச நேரம் மரங்களின் வேரையெல்லாம் பார்த்தார். "அப்ப ஆத்தாள எழுப்புனது என் மம்பட்டிதானா?"

ராசம்மா, அவர் கோபப்பட்டிருந்தால் எனக்கு நன்றாக இருந்திருக்கும்.

மார்கழி முதல் தேதி உன் மாமா லீவு போட்டுவிட்டு நாலு மண்வெட்டியோடு வந்தார். லயமே கூடிவிட்டது. உன் அப்பா கற்பூரம் காட்டினார். ஆறு வருஷத்தில் ஒரு நாளும் சாமி வராத மனுசன் திடீரென்று உடம்பை உதறிக்கொண்டு ஆடினார்! "என் காலடியில மண்ணு வெட்டாதே! என் பார்வை படுற எடத்துல ஒருத்தரும் படுக்காதே! மழ விடுற வரைக்கும் மேட்டுக்குப் போ!" உன் மாமா மண்வெட்டியைப் போட்டுவிட்டுக் காலில் விழுந்தார். அவர் நெற்றியில் திருநீறு அடிக்கும்போது உன் அப்பா கண்ணை ஓரமாகத் திருப்பி என்னைப் பார்த்தார். அது சாமியின் கண் இல்லை. நம் வீட்டுக் கண்.

கல்லுக்குக் கீழே இருந்த நாலு குடும்பமும் இப்போது ரப்பர் ஷீட்டு காயும் புகைக்கூடத்துத் தாழ்வாரத்தில் படுக்கிறோம். ரப்பர் நாற்றத்தில் சின்னவனுக்கு இருமல். இன்றைக்கு நாலாம் நாள். கல் அப்படியே நிற்கிறது. "அய்யாவு பூசாரிக்கு ஆத்தா வந்துச்சா, பழைய சரக்கு வந்துச்சா?" என்று ஆம்பிளைகள் கேலி பேசத் தொடங்கிவிட்டார்கள். கல் விழவில்லை என்றால் அவர் பேர் போய்விடும். விழுந்தால் எங்கள் வீடு போய்விடும். எதை வேண்டிக்கொள்வது, சொல்.

மாரியாயி


பிரிக்பீல்ட்ஸ்
30 டிசம்பர் 1926

மாரியாயி, நீ எங்கே இருக்கிறாய்?

இதை எப்படி அனுப்புவேன் என்று தெரியாமலே எழுதுகிறேன். வண்டி இல்லை, ரயில் இல்லை. ஆற்று வெள்ளம் எங்கள் குவார்ட்டர்ஸ் வீட்டுக்குள் வந்து நாலு நாளாகிறது. கட்டிலை மேசைமேல் போட்டு அதில் நானும் அத்தையும் உட்கார்ந்திருந்தோம். இன்றுதான் தண்ணீர் வீட்டுக்குள் வடிந்து, தெருவில் இடுப்புக்குக் கீழே இறங்கியது. சுவரில் அது நின்ற இடம்வரை சிவப்புச் சேறு. அதைத் தொட்டுப் பார்த்தேன். நம் மலைச்சரிவு மண்ணேதான். மழை நாளில் உன் பாவாடை ஓரத்தில் ஒட்டியிருக்குமே, அந்த நிறம். அம்பாங்கிலிருந்து இத்தனை தூரம் வந்திருக்கிறது.

எனக்கு இன்னொன்றும் நடந்துவிட்டது. இன்று சேறு கழுவச் சாமான்களை நகர்த்தும்போது அரிசிப் பெட்டிக்குப் பின்னால் இருந்த உன் கடிதங்கள் மாமா கையில் கிடைத்தன. ஈரத்தில் ஒட்டியிருந்ததை ஒவ்வொன்றாகப் பிரித்து அடுப்புத் திண்டில் காயவைத்து வாசித்தார். நான் அத்தைக்குப் பின்னால் நின்றுகொண்டேன். கை ஓங்குவார் என்று நினைத்தேன். கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "நாந்தானே அங்க வெட்டச் சொன்னேன்" என்றார். அவ்வளவுதான். தண்ணீர் இன்னும் வற்றவில்லை. வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு தோட்டத்துக்கு நடந்தே கிளம்பிவிட்டார்.

இனி ஒளிக்க ஒன்றும் இல்லை. ஆனாலும் பழக்கத்தில் விளக்கைத் தரையில்தான் வைத்திருக்கிறேன். ஒரே ஒரு வரி எழுது. பெயர் மட்டும் எழுதினாலும் போதும்.

இராஜம்மா


தோட்டம்
3 ஜனவரி 1927

ராசம்மாவுக்கு,

மாரியாயி. மாரியாயி. மாரியாயி. போதுமா?

இருக்கிறோம். அம்மா, தம்பிகள், உன் அப்பா, எல்லோரும் இருக்கிறோம். இதை உன் மாமாவே கொண்டுவருகிறார். இரண்டு நாள் நடந்து வந்த மனுசன் எங்களைப் பார்த்ததும் முதலில் ஆட்களை எண்ணினார். பிறகுதான் செருப்பு எங்கோ போய்விட்டதைக் கவனித்தார்.

பதினோராம் நாள் நாலு குடும்பமும் பொறுமையிழந்துவிட்டது. "எங்க வூட்டுக்கு நாங்க போறோம்" என்று பாயைச் சுருட்டிக்கொண்டு கிளம்பினார்கள். என் அம்மாவும்தான். நல்ல மழை. உன் அப்பா ஒற்றையடிப் பாதையில் குறுக்கே படுத்துக்கொண்டார். சாமி ஆடவில்லை. சும்மா படுத்தார். "ஆத்தா சொல்லல, நான் சொல்றேன். போறவங்க என்ன மிதிச்சிட்டுப் போங்க." யாருக்கும் காலை எடுத்துவைக்க மனம் வரவில்லை. திட்டிக்கொண்டே திரும்பினோம். அது 26-ஆம் தேதி. மறுநாள் விடியற்காலையில் கல் போனது. பெரிய சத்தம் எதுவும் இல்லை. பூமி ஒரு தடவை பெருமூச்சு விட்டதுபோல இருந்தது. சேறும் மரமுமாக இறங்கி, எங்கள் நாலு வீட்டையும் வாரிக்கொண்டு, கல் ஓடையில் கவிழ்ந்து கிடக்கிறது. எங்கள் அம்மி மட்டும் கிடைத்தது.

இப்போது எல்லோரும், "ஆத்தா முன்னாடியே சொன்னா" என்கிறார்கள். இன்னும் பெரிய கோயில் வேண்டுமாம். உன் அப்பா கற்பூரத் தட்டைத் தொட மறுத்துவிட்டார். உன் மாமா கேட்டார், "மச்சான், அந்தத் தகரத்த என்ன செய்ய?" "வூடு போனவங்களுக்குக் கூர போடு" என்றார்.

நீ கேட்காமல் இருக்கமாட்டாய் என்பதால் சொல்கிறேன். நேற்று முன்தினம் சனிக்கிழமை. அவர் கள்ளுக்கடைப் பக்கம் நடந்தார். நான் பின்னாலேயே போனேன். கடை வாசலில் யாரோ கூப்பிட்டார்கள். நிற்கவில்லை. ஆற்றோரம் போய்ப் புல்லை வேரோடு பத்தை பத்தையாக வெட்டிக் கோணிப்பையில் போட்டுக்கொண்டு வந்து, கல் இருந்த பள்ளத்தில் நட்டார். புல் வெட்டும் பெண்கள் சிரித்தார்கள்: "புல்லுக் கங்காணி புல்லு நடுறாரு டோய்!" அவரும் சிரித்தார். நானும் நாலு பத்தை நட்டேன்.

கடைசியாக ஒன்று. எங்கள் நாலு குடும்பத்துக்கும் இங்கே இடம் இல்லை என்று ஆபீஸில் கணக்கு எழுதும் கிராணி சொல்லிவிட்டார். டெங்கில் பக்கம் ஒரு தோட்டத்துக்கு அனுப்புகிறார்கள். புதிதாகக் காட்டை அழித்த இடமாம். நாளை மறுநாள் லோரி வருகிறது. தோட்டத்தின் பேர்கூட எனக்குத் தெரியாது. அங்கே தம்புசாமி அண்ணன் வரமாட்டார். போய்ச் சேர்ந்ததும் எழுதுகிறேன்.

குச்சியைத் தேடினேன். கிடைக்கவில்லை.

மாரியாயி


பிரிக்பீல்ட்ஸ்
6 மார்ச் 1927, ஞாயிறு

என் மாரியாயிக்கு,

இது உனக்கு நான் டெங்கிலுக்கு எழுதும் மூன்றாவது கடிதம். முதல் இரண்டும் உன் கைக்கு வந்ததா என்று தெரியவில்லை. டெங்கிலில் எத்தனை தோட்டம் இருக்கிறது என்று மாமா விசாரித்து ஒவ்வொன்றுக்கும் மேல்விலாசம் எழுதிக் கொடுக்கிறார். இது அந்தப் பட்டியலில் மூன்றாவது.

இதைப் பகலில் எழுதுகிறேன். வாசலில் உட்கார்ந்து, மடியில் பலகை வைத்து. மாமா பக்கத்தில்தான் இருமிக்கொண்டிருக்கிறார். எழுத்து கோணாமல் இருப்பதைப் பார்.

போன வாரம் அப்பா வந்திருந்தார். அம்மாவின் துணியை என் கையில் கொடுத்தார். பள்ளத்தில் புல் பிடித்துவிட்டதாம். அந்தச் சரிவைச் சுரண்ட வேண்டாம் என்று துரை விட்டுவிட்டார். பக்கத்துச் சரிவை மட்டும் இன்னும் சுரண்டுகிறார்கள், வேறு கங்காணி. "ஓடையில தண்ணி கொஞ்சம் தெளிஞ்சிருக்கு" என்றார். அவர் கண்ணுக்கு அப்படித் தெரிந்ததோ, நிஜமாகவே தெளிந்ததோ, நீ இருந்திருந்தால் ஒரு காசைப் போட்டுப் பார்த்திருப்பாய்.

அப்பா போகும்போது, "மாரிக்கு எழுதுறியா?" என்று கேட்டார். பதில் இல்லை என்றேன். "நீ எழுது" என்றார்.

உன் வீடு போனது என்னால் இல்லை என்று எல்லோரும் சொல்கிறார்கள். நீ எனக்கு எழுதாமல் இருப்பது மட்டும் என்னால்தான் என்று தோன்றுகிறது. கோபம் என்றால் கோபமாகவே எழுது.

அங்கேயும் உங்களைப் புல் சுரண்டத்தான் அனுப்புவார்கள். வீட்டுக்கு மேலே சரிவு இருக்கிறதா என்று முதலில் பார். இருந்தால் இன்றைக்கே ஒரு குச்சி அடி. மண்மட்டத்தில் கோடு போடு. யாராவது அதற்குக் குங்குமம் வைத்தால் துடைத்துவிடு.

கடைசி ரப்பர் விதையை இதனுள் வைத்திருக்கிறேன். மற்ற இரண்டும் தேய்ந்துவிட்டன.

உன்,
இராஜம்மா